பக்கத்துக் கட்டில் மதுரைக்காரி

பலீலாவின் கால் முறிந்தது மாப்பிள்ளை பார்க்கப் போய். மாப்பிள்ளை பின்வீட்டுப் பெண்ணுக்கு வந்தவர். இலங்கை மலைநாட்டில், பதுளை பஸார் வீதியில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. நடுவில் ஆளுயர மதில் ஒன்றுதான். பின்வீட்டில் கார் வந்து நின்ற சத்தமும் பெண்கள் குரவையிட்ட சத்தமும் கேட்டதும் பலீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்த கறியை அப்படியே விட்டுவிட்டு, முக்காலியின் மேல் பிஸ்கட் தகரம் ஒன்றை வைத்து ஏறினாள். மாப்பிள்ளையின் தொப்பி தெரிந்தது. முகம் தெரிய வேண்டாமா? எம்பினாள். தகரம் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது.

"மொகத்தப் பாத்துட்டுத்தான் உழுந்தேன். வடிவான மாப்பிள்ள" என்றுதான் ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் அவள் பேச்சைத் தொடங்குவாள்.

அறுபத்தொன்பதாம் ஆண்டு முடியப் போகிற நேரம். பெண்கள் வார்ட்டில், ஜன்னலோரக் கட்டிலில், காலில் எடை கட்டித் தூக்கிவிடப்பட்டபடி பலீலா கிடந்தாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெரிய வீட்டின் அடுப்படியை ஆண்டவள் அவள். கணவர் மர்ஸூக், அவருடைய இரண்டு தம்பிமார், அவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள், கடையில் வேலை செய்பவர்கள் என்று எல்லோருக்கும் சமையல் அவள் பொறுப்பு. இப்போது யாரோ தேத்தண்ணீர் ஊற்றிக் கட்டிலுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். குடித்த கோப்பையை யாரோ எடுத்துப் போகிறார்கள். படுத்துக்கொண்டு மழையைப் பார்க்கலாம். முதல் நாளைக்கு அவளுக்கு இது கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. அதற்குப் பிறகு, எலும்பு மெதுவாகப் பொருந்தினாலும் பரவாயில்லை என்று நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரே குறை, பேச ஆள் போதாதது.

பலீலா பேசப் பிறந்தவள். அவளுடைய வாப்பா இப்றாஹீம் மடுல்சீமையில் சில்லறைக் கடை வைத்திருந்தார். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்துச் சனமெல்லாம் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தக் கடைக்குத்தான் வரும். வயசுக்கு வரும் வரைக்கும் பலீலா அரிசி மூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் சொல்கிற கதைகளை வாய் பார்த்தே வளர்ந்தாள். அவர்கள் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதுளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் பக்கத்து வீட்டில் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த வீட்டுக் கமலாதேவியோடு மதிலுக்கு மேலால் தினமும் பேச்சு. அந்தத் தமிழும் கைக்கு வந்துவிட்டது. அவள் வீட்டில் பேசுகிற முஸ்லிம்களின் பேச்சு வேறு. மர்ஸூக் மட்டும் எந்தத் தமிழிலும் அதிகம் பேசாத மனிதர். புடவைக் கடையில் துணியை விரித்துப் போட்டுவிட்டு, வாங்குகிறவர்களே முடிவு செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் சேர்த்து பலீலா பேசினாள்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு புது நோயாளி வந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். நல்ல உயரம், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, பட்டுப் புடவை முழங்கால் வரை ஏறியிருக்க, கீழே ஒரு கால் பூசணிக்காய் போல வீங்கிச் சிவந்திருந்தது. கூட வந்த கணவர் கை கட்டி நின்று கண்கலங்கினார். அவள் அவரை அதட்டிக் கொண்டிருந்தாள். வேண்டுதல் உங்களுடையது, கதிர்காமம் போகாமல் திரும்பினால் சாமிக் குற்றம், பஸ் நிற்காது, போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், நான் என்ன காட்டிலா கிடக்கிறேன் என்று அதட்டி அனுப்பிவிட்டுத்தான் தலையணையில் சாய்ந்தாள். அவர் போன பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பலீலா அதையும் பார்த்தாள்.

அவள் பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். திருச்சியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, ஒரு கூட்டமாக பஸ் பிடித்து இலங்கை பார்க்க வந்தவர்கள். துன்ஹிந்தை நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போன பாதையில் அட்டை கடித்திருக்கிறது. அட்டை கடிப்பது இந்தப் பக்கத்தில் பெரிய காரியமில்லை. ஆனால் அவள் அதுவரை மலை அட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அலறி, பிய்த்து எறிந்து, கடித்த இடத்தை நகத்தால் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி, அதன் மேல் விபூதியும் பூசியிருக்கிறாள். இரண்டு நாளில் கால் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது.

தலையில் முந்தானை போட்டிருந்த பலீலாவைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு இது:

"ஏம் பாயம்மா, இங்க குடிக்க வெந்நி கெடைக்குமா?"

மதுரையில் முஸ்லிம் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். பலீலாவுக்கு அது தெரியாது.

"பாய் இங்க தர மாட்டாங்க அக்கா. கட்டில்லதான் படுக்கணும்" என்றாள் அவள் அக்கறையோடு. "குளிரா இருந்தா இன்னொரு போர்வை கேட்டுத் தாறேன்."

அங்கயற்கண்ணி போர்வை வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பிறகு சைகையால் தண்ணீர் என்று காட்டினாள். பலீலா தன் சுடுதண்ணீர்ப் போத்தலை அப்படியே நீட்டினாள்.

அன்று பின்னேரம் டொக்டர் வந்தார். ஜெயரட்ணம் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மலைநாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. கவனமான, மரியாதையான மனிதர். தமிழ் பேசுகிற நோயாளி என்று அறிந்து, கூட வந்த சிங்கள மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, பின்னால் நிறுத்திவிட்டுத் தானே விசாரித்தார்.

"என்ன வருத்தம் உங்களுக்கு?"

யாழ்ப்பாணத்தில் நோய்க்குத்தான் வருத்தம் என்பார்கள். பதுளையிலும் பஸாரில் எல்லோருக்கும் அது விளங்கும். மதுரைக்காரி டொக்டரின் பரிவைப் பார்த்து நெகிழ்ந்து போனாள்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊரு சுத்திப் பாக்கச் சந்தோசமாத்தேன் வந்தோம். அவுக என்னைய விட்டுட்டுப் போனதுலதேன் லேசா ஒரு இது."

டொக்டர் கொஞ்சம் யோசித்தார். காய்ச்சலில் பிதற்றுகிறாளோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, சத்தி எடுத்ததா என்று கேட்டார். வாந்தி எடுத்ததா என்பது அவர் கேள்வி. அங்கயற்கண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, தங்கள் குடும்பத்தில் எவருக்கும் அம்மன் வந்து இறங்கியதில்லை, தங்கள் வகையறாவில் அந்தப் பழக்கமே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

போர்வைக்குள் பலீலா வாயைப் பொத்திக்கொண்டாள். எடை கட்டிய கால் குலுங்கியது. குறுக்கே பேசலாம்தான். ஆனால் டொக்டர்மாருக்கு முன்னால் பேச அவளுக்கே கொஞ்சம் பயம். டொக்டரும் அதோடு விட்டுவிட்டார். காலைப் பார்த்தால் வருத்தம் என்னவென்று தெரிகிறதே. ஊசி எழுதினார். போகும்போது, "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, குளிசை போடுங்கோ. மறந்து போகாதேங்கோ" என்றார். அங்கயற்கண்ணி பணிவாகத் தலையாட்டினாள். பலீலாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் படவில்லை.

மறுநாள் விடிகிற நேரம். ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக நின்றது. பலீலா கண் விழித்துப் பார்த்தால் பக்கத்துக் கட்டில் காலி. கொஞ்ச நேரத்தில் குளியலறைப் பக்கமிருந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் கிட்டி நடுங்கிக்கொண்டு மதுரைக்காரி வந்தாள். உதடு நீலம். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள்.

பலீலாவுக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. உரத்த குரலில் மிஸ்ஸியைக் கூப்பிட்டாள். மிஸ்ஸியும், வார்ட் கூட்டிக்கொண்டிருந்த மாரியாயியும் ஓடி வந்தார்கள். துவட்டி, கம்பளி போர்த்தி, சூடாகக் குடிக்கக் கொடுத்தபின் பலீலா கேட்டாள்:

"காய்ச்சலோட இந்தக் குளிர்ல ஏன் அக்கா குளிச்சீங்க?"

"டாக்டருதேன சொன்னாரு. காலைல ஒருக்க, சாயங்காலம் ஒருக்க குளிச்சுப் போடணுமின்னு. நேத்துச் சாயங்காலம் முடியல. மார்கழி மாசம் விடியக் குளிக்கச் சொல்றாரு, பக்திமான் போலன்னு நெனச்சேன்."

பலீலா டொக்டர் சொன்னதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு விளங்கியது. சிரிப்பு வந்த வேகத்தில் காலில் வலி சுரீரென்று ஏறியது. அதோடும் சிரித்தாள்.

"குளிக்க இல்ல அக்கா, குளிசை. முழுங்குற மருந்து. வெள்ளையா வட்டமா இருக்குமே, அது."

"அது மாத்திரைல்ல?"

"அவங்க ஊர்ல அதுக்குப் பேர் குளிசை."

"அப்ப வருத்தம்?"

"நோய்."

"சத்தி?"

பலீலா வாந்தி எடுப்பது போல நடித்துக் காட்டினாள். அங்கயற்கண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மன் வரவில்லை என்று டொக்டரிடம் அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்து, நடுக்கத்துக்கு நடுவில் அவளும் சிரிக்கத் தொடங்கினாள். ஒன்றும் விளங்காத மிஸ்ஸி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இருவருக்கும் காய்ச்சல் பார்த்தாள்.

டொக்டர் வந்தபோது பலீலா முந்தானையைச் சரி செய்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். முதலில் அவர் முகம் சிவந்தது. தான் பேசியது நல்ல தமிழ்தானே என்றார். நல்ல தமிழ்தான் சேர், ஆனா அவங்க தமிழ் வேற என்றாள் பலீலா. குளிசை கதையில் வந்தபோது அவரால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நாளையிலயிருந்து நீங்கள் என்னோட வார்ட் சுத்த வாங்கோ" என்றார்.

"கால அவுத்து விட்டீங்கண்டா வாறேன் சேர்."

அன்றிலிருந்து மதுரைக்காரியின் கட்டிலுக்கு வந்தால் டொக்டர் பேசுவது பலீலாவின் பக்கம் திரும்பித்தான். பலீலா அதை மாற்றிச் சொல்வாள். ஆனால் அவள் வெறுமனே மாற்றிச் சொல்கிறவள் அல்ல. வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது என்று அவர் சொன்னால், வீக்கம் வற்றியிருக்கிறதாம், நீங்கள் நேற்றுக் காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டு உட்காராமல் இருந்திருந்தால் இன்னும் வற்றியிருக்குமாம், இரவில் கவலைப்படாமல் நித்திரை கொள்ள வேண்டுமாம், உங்கள் வீட்டுக்காரர் பத்திரமாக இருப்பாராம் என்று அது வளர்ந்துவிடும். டொக்டர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார், நான் இவ்வளவும் சொன்னேனா என்று. சொல்ல நினைத்திருப்பீர்கள்தானே என்றாள் அவள். அவர் மறுக்கவில்லை.

சாப்பாடு வேறு ஒரு பிரச்சினையாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சோற்றோடு வரும் கருவாட்டு வாசத்துக்கே அங்கயற்கண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுத்த சைவம். தன் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை அவளுக்குக் கொடுக்க முடியாது என்று பலீலாவுக்குத் தெரியும். மர்ஸூக் வந்தபோது கமலாதேவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினாள். அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு கையில் தன் வீட்டுச் சாப்பாடும் மறு கையில் கமலாதேவியின் சாப்பாடுமாக வந்து, எதுவும் பேசாமல் இரண்டு கட்டிலுக்கும் வைத்துவிட்டு, பேசாமல் போவார். முதல் தடவை புட்டைப் பார்த்த அங்கயற்கண்ணி, இது உதிர்ந்து போன இட்லியா என்று கேட்டாள். மூன்றாம் நாள், நேற்றை விடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

இரண்டு பேரும் பேசிப் பேசியே வார்ட்டை நிறைத்தார்கள். மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மகன் தொலைந்து கிடைத்தது, மூத்த மருமகளின் வாய், பாத்திரக் கடையில் திருடன் தவலைக்குள் ஒளிந்து மாட்டிக்கொண்டது எல்லாம் பலீலாவுக்கு வந்து சேர்ந்தன. பதிலுக்குப் பின்வீட்டு மாப்பிள்ளையின் மூக்கு, மதில் கதை, மடுல்சீமைக் கடையில் மூடைக்குள் சாரைப்பாம்பு படுத்திருந்தது எல்லாம் மதுரைப் பக்கம் போயின. பக்கத்துக் கட்டில்காரிகளும் தங்கள் கட்டில்களிலிருந்தபடி காது கொடுத்தார்கள். மாரியாயி கூட்டுமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றுவிடுவாள். அவளும் மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்தவள்தான். இத்தனை காலமும் யாழ்ப்பாணத்து டொக்டர்மார் சொன்னதற்கெல்லாம் ஆமாங்க, சரிங்க என்று மட்டும் சொல்லி வேலை பார்த்து வந்ததாக ஒருநாள் ஒத்துக்கொண்டாள்.

ஆனால் கால் முழுதாகக் குணமாகவில்லை. காய்ச்சல் குறைந்தும், கணுக்காலுக்கு மேலே ஓர் இடம் கட்டிபோல் திரண்டு நின்றது. பலீலாவுக்கு எடையை எடுத்துவிட்டு பிளாஸ்டர் போடும் நாளும் அப்போதுதான் வந்தது. அவளைத் தள்ளுவண்டியில் வைத்து மறு கட்டடத்துக்குக் கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து டொக்டர் வார்ட்டுக்கு வந்துவிட்டார். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். சீழ் வைத்திருக்கிறது, கீறி வெளியே எடுத்தால் சரியாகிவிடும். பலீலாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார், காலி. சின்ன விஷயம்தானே என்று தானே சொன்னார்.

"நாளைக்குக் காலமை வெட்டுவம். பயப்படாதேங்கோ."

காலமை என்றால் அவருக்கு விடியற்பொழுது. குளிசைக்குச் சொன்னபோது விளங்கிய சொல்தான்; வெட்டு என்பதும் கூடச் சேர்ந்ததும், பயத்தில் அங்கயற்கண்ணியின் காதில் விழுந்தது, காலை வெட்டுவோம் என்று. அவள் நிச்சயப்படுத்திக்கொள்ள மிஸ்ஸியைப் பார்த்தாள். மிஸ்ஸியும் உதவி செய்ய நினைத்து, அவளுடைய காலுக்குக் குறுக்கே கையை வைத்துச் சர்ரென்று இழுத்துக் காட்டி, இனிமையாகச் சிரித்தாள்.

பிளாஸ்டர் போட்ட காலை நீட்டிக்கொண்டு, சக்கர நாற்காலியில் பலீலா திரும்பி வந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஆளும் இல்லை, பையும் இல்லை. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மற்றக் கட்டில்காரிகள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். நாற்காலியைத் தள்ளி வந்த மாரியாயி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அந்த இந்தியாக்கார அம்மா பையத் தூக்கிக்கிட்டு கேட்டுப் பக்கமா போறாங்க. நொண்டி நொண்டிப் போறாங்க."

"தள்ளு" என்றாள் பலீலா.

ஆஸ்பத்திரி மேட்டில் இருந்தது. கேட் வரைக்கும் சரிவு. மாரியாயி நாற்காலியைத் தள்ளினாள் என்பதைவிட, பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள் என்பது சரி. பலீலா ஒரு கையால் முந்தானையையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்துக்கொண்டாள். வழியில் வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் தோடம்பழம் என்கிற ஆரஞ்சு விற்கிறவளின் பெட்டிக்கு அருகே, இனி ஓர் அடியும் வைக்க முடியாமல் அங்கயற்கண்ணி உட்கார்ந்திருந்தாள். பை மடியில். மொனராகலை பஸ் எங்கே நிற்கும் என்று போகிற வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் ஏறினால் கதிர்காமப் பக்கம் போய்க் கணவரைப் பிடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

பலீலாவைக் கண்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"கால வெட்டப் போறாகளாம் தங்கச்சி. கொசுக்கடி மாதிரி ஒரு அட்டைக்கடி. அதுக்குப் போயி முழுக் காலையும் எடுக்குறதா? இந்த ஊர்ல இப்படித்தேன் வைத்தியமா?"

காலை என்றதும் பலீலாவுக்குப் பாதி புரிந்தது. டொக்டர் என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டாள். அங்கயற்கண்ணி அப்படியே திருப்பிச் சொன்னாள். பலீலா சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, காலமைண்டா காலைப் பொழுது. நாளைக்கு விடிய, அந்தக் கட்டிய மட்டும் கீறிச் சீழ எடுப்பாங்க. கால் போகாது. என்ட புள்ளைகள் மேல சத்தியமாச் சொல்றேன்."

அவளுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பலீலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் செய்தி எட்டி டொக்டரும் வேகமாக இறங்கி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. என்ன நடந்தது என்று பலீலாவிடம் கேட்டறிந்தார். பிறகு பழக்காரியின் பெட்டிக்கு முன்னால், தரையில் குந்தி உட்கார்ந்து, வீங்கிய இடத்தை விரலால் வட்டமிட்டுக் காட்டினார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"அம்மா, இந்த இடத்தில மட்டும், இவ்வளவு. உங்கட கால் உங்களோடதான் மதுரைக்கு வரும்."

இந்தத் தடவை மாற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அங்கயற்கண்ணி மூக்கை உறிஞ்சினாள். அப்படியென்றால் சரி, ஆனால் வெட்டும்போது இந்தத் தங்கச்சி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள். அது வழக்கமில்லை என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, அவள் கை மறுபடி பையைத் தேடுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்படித்தான் பலீலா, பிளாஸ்டர் போட்ட காலும் சக்கர நாற்காலியுமாக, சத்திரசிகிச்சை அறையின் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே பார்க்க அவளுக்கு விருப்பமும் இல்லை. ஆனால் நிறுத்தாமல் பேசினாள். சாரைப்பாம்புக் கதையை இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை பாம்பு கொஞ்சம் நீளமாக இருந்தது. உள்ளேயிருந்து, மரத்துப் போன காலோடு, அங்கயற்கண்ணி பிறகு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்த டொக்டர், பாம்பைப் பிடித்தார்களா என்று கேட்டதாக மிஸ்ஸி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

இரண்டு நாளில் கால் வடிந்து கால் வடிவத்துக்கு வந்தது. அங்கயற்கண்ணி வராந்தாவில் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பலீலா ஊன்றுகோல் இரண்டை வாங்கி நடக்கப் பழகினாள். யார் முதலில் வராந்தா முடிவுக்குப் போவது என்று ஒரு போட்டி வைத்து, மிஸ்ஸியிடம் பேச்சும் வாங்கினார்கள்.

கதிர்காமத்திலிருந்து கணவர் திரும்பி வந்தார். மொட்டையடித்திருந்தார். தான் அழுதுகொண்டே போன வழியெல்லாம் மனைவி இங்கே சிரித்துக்கொண்டிருந்தாள் என்று அறிந்து அவருக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. இவ்வளவும் செய்தவர்களுக்கு எங்கே பணம் கட்டுவது என்று ஜன்னல் ஜன்னலாக விசாரித்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், இங்கே அப்படி ஒரு ஜன்னலே கிடையாது என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் அலுத்துப் போனார்கள். கடைசியில், கொண்டு வந்திருந்த விபூதிப் பொட்டலத்தை டொக்டரின் கையில் வைத்துவிட்டுத்தான் அவருக்கு நிம்மதி வந்தது.

புறப்படும் நாள் மர்ஸூக் தன் கடையின் காரில் அவர்களை ரயிலுக்குக் கொண்டு போய்விட வந்தார். அங்கயற்கண்ணி பலீலாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். மதுரைக்கு வந்து தன் வீட்டில் பத்து நாள் இருக்க வேண்டும், அடுப்படிப் பக்கமே விடமாட்டேன் என்றாள். பலீலாவுக்கு வாய்க்கு வாய் பதில் இருக்கும். அன்று அவளுடைய முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்வதோடு நின்றுவிட்டாள். மர்ஸூக் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

தை பிறந்தபின் பலீலாவும் வீட்டுக்கு வந்தாள். கால் கொஞ்சம் சாய்ந்துதான் பொருந்தியது. நடக்கும்போது ஒரு பக்கம் லேசாக இழுக்கும். அடுப்படியில் இப்போது தம்பிமாரின் பெண்டாட்டிமாரும் கை போட்டிருந்தார்கள். அவள் அதை மாற்ற முயலவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் புளி சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்கும் அவளுக்கும் இடையிலான தொடர்பு அதோடு அறுந்துபோகவில்லை. அடுத்த சில வருடங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த யாத்திரைக்காரர் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டோ காலைப் பிடித்துக்கொண்டோ வந்து சேர்ந்தால், புடவைக் கடைக்கு ஆள் வரும். பலீலா ராத்தாவைக் கொஞ்சம் வரச் சொல்கிறார்கள் என்பார்கள். அவள் நல்ல சாரியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போவாள். ஜெயரட்ணம் டொக்டர் மாறிப் போனார். போகும்போது, புதிதாக வருகிறவரிடம் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று சொன்னதோடு பலீலாவின் வீட்டையும் காட்டிவிட்டுப் போனார். தோட்டத்துச் சனங்களும் அவளைத் தேடி வந்தார்கள். யாருக்கும் சுருக்கமாக அவள் மாற்றிச் சொன்னதில்லை.

எண்பதாம் ஆண்டளவில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ஒரு மிஸ்ஸி, வெளிநாட்டு நோயாளி என்றால் பலீலாவைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் யாரோ சொல்லக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள். பலீலா போய்ப் பார்த்தால், கட்டிலில் கிடந்தது ஒரு ஜப்பான்காரி. எல்ல என்கிற ஊர்ப் பக்கம் மலையேறப் போய் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கியிருந்தது. நரைத்த தலை, தனியாக வந்தவள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தமிழ் தெரியாது. சிங்களமும் தெரியாது. இங்கிலீஷும் நாலு வார்த்தைதான். வந்தது வந்துவிட்டோம் என்று பலீலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோடம்பழம் ஒன்றை உரித்தபடி தமிழிலேயே பேசத் தொடங்கினாள். ஜப்பான்காரி முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அவளும் தன் பாஷையில் பேசத் தொடங்கினாள்.

கூட்டிப் போக வந்த மர்ஸூக் வராந்தாவில் வெகுநேரம் காத்து நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு நடக்கும்போது, வழக்கத்துக்கு மாறாக அவரே பேச்சைத் தொடங்கினார்.

"இவ்வளவு நேரம் என்ன கதச்சீங்க?"

"அவட மகளுக்கு மாப்பிள்ள சரிவருதில்லயாம்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன். சொன்னா" என்றாள் பலீலா.